பருவம் எய்தும் மகனும் பெற்றோரின் பொறுப்பும்



மகள் பருவமடைந்தால் உம்மாவும் பாட்டியும் அருகிலிருந்து சட்டங்களைச் சொல்லித் தருகிறார்கள். மகன் பருவமடைவதை யார் கவனிக்கிறார்கள்? கீழக்கரை, பெரியபட்டினம், பாம்பன் போன்ற ஊர்களில் எத்தனையோ வீடுகளில் வாப்பா பிழைப்புக்காக வெளிநாட்டிலோ கடலிலோ இருக்கிறார். உம்மாவுக்கோ பேச வெட்கம். எனவே அவனுக்கு ஆசிரியர்களாக அமைபவர்கள் கடற்கரைத் தோழர்களும் கையிலிருக்கும் செல்போனும்தான்.

முதலில் சட்டத்தை அறிவோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி விந்து வெளிப்பட்டால் ஆண்பிள்ளை பாலிக் ஆகிறான். அவ்வடையாளம் தோன்றாவிட்டால், பிறைக் கணக்கில் 15 வயது நிறைவதே எல்லை. ஆங்கிலக் கணக்கில் இது ஏறத்தாழ பதினாலரை வயது. பள்ளிச் சான்றிதழைப் பார்த்து 15 வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் பல மாதத் தொழுகை அவன்மீது கடனாகிவிடும். இடையில் ரமலான் வந்தால் நோன்பும் அவ்வாறே. கடமையான குளிப்பை அறியாமல் அவன் தொழும் தொழுகையும் கூடாது. ஆகவே அடையாளம் தோன்றும் முன்பே சொல்லித் தருவது பெற்றோர் கடமை.

"இதையெல்லாம் எப்படிப் பேசுவது?" என்று கேட்கலாம். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், பெண்ணுக்குக் கனவில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்பு உண்டா என்று நபி பெருமானாரிடமே (ஸல்) கேட்டுத் தெளிந்தார்கள். கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள், மார்க்கச் சட்டங்களை அரபுத் தமிழில் 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் நூலாக எழுதி வைத்தார்கள். மார்க்கம் பேசியதை நாம் பேச ஏன் தயங்க வேண்டும்?

அடுத்தது நம்பிக்கை. அந்த உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் மகன்தான் அனஸ் (ரலி). சிறுவரான அவரை நாயகம் (ஸல்) ஓர் அலுவலாக அனுப்பினார்கள். தாமதமாக வீடு வந்தவரிடம் தாயார் காரணம் கேட்க, அது இரகசியம் என்றார். தாயார் துருவிக் கேட்கவில்லை. அந்த இரகசியத்தை எவரிடமும் சொல்லாதே என்றே கூறினார்கள். மகனை நம்பிய தாய்!

இன்று நம் கரையில், "இந்த மூட்டையை மட்டும் கொண்டுபோய்க் கொடு, பணம் தருகிறேன்" என்று ஒருவன் சொன்னால், அதிலிருப்பது 2001 முதல் சட்டம் தடைசெய்த கடல் அட்டையாகவும் இருக்கலாம். பீடியும் போதைப்பொருளும் கூடத் தோழன் கையால்தான் வருகின்றன. அதை உங்களிடம் வந்து சொல்லும் துணிவு மகனுக்கு உண்டா? முதன்முறை சொன்னபோதே அடி விழுந்தால் இரண்டாம் முறை அவன் வரமாட்டான்.

விபசாரத்திற்கு அனுமதி கேட்டு வந்த இளைஞனைச் சபையோர் அதட்டினர். அண்ணலாரோ (ஸல்) அருகில் அழைத்து அமரவைத்து, உன் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று கேட்டு உணரவைத்து, அவன்மீது கைவைத்து துஆச் செய்தார்கள். இதுவே நமக்குப் பாடம்.

நம்புவது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதல்ல. மகனின் தோழர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். அவர்கள் யாரென்று தெரிந்துவிடும். வெளிநாட்டிலுள்ள வாப்பாமார்களே, போனில் மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள்; மனத்தையும் கேளுங்கள். அவன் நம்பிச் சொன்னதை உறவினர் கூட்டத்தில் பேசிச் சிரிக்காதீர்கள். அது அமானிதம்.

அல்லாஹுத் தஆலா நம் மக்களை ஸாலிஹான மக்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.