பிரம்பு இருந்த இடத்தில்

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாதுன்னா எட்டாம் வகுப்பை எப்படி சார் சமாளிக்கிறது?" 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், உடல் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்தது. சரியான சட்டம். பிரம்பு போன இடத்தில் என்ன வைப்பது என்பதை, அரசுப் பள்ளியில் ஆலோசனைப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியனாக, பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொண்டு வருகிறேன்.

முதலில் வைக்க வேண்டியது ஒரு நோட்டு. ரகளை நடந்தால் மூன்று விஷயங்களை எழுதுவேன்: எந்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, முடிவில் பையனுக்கு என்ன கிடைத்தது. சில வாரங்களில் சங்கதி பிடிபடும். ஒருவன் வாய்விட்டு வாசிக்கச் சொல்லும் பீரியடில் மட்டும் வம்பு இழுப்பான். வெளியே நிற்க வைத்துவிட்டால் வாசிக்க வேண்டியதில்லையே! அவனைத் தனியே உட்கார வைத்து எழுத்துக் கூட்ட உதவினால் வம்பு பாதி குறைந்துவிடும். இன்னொருவனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட்தான் ஆகாது. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை, நாமாகக் கேட்காவிட்டால் வாய் திறக்காது.

பையனிடம் பேசுவதற்கு ஆசிரியர் அறை ஆகாது. அங்கே நிற்க வைத்தாலே அது விசாரணை. நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு கூட நடந்து வரச் சொல்வேன். முகம் பார்க்காமல் நடக்கும்போது பேச்சு வரும். "ஏன்டா அடிச்சே?" என்றால் தலை குனியும். "அதுக்கு முன்னாடி என்னப்பா நடந்துச்சு?" என்றால் கதை வரும். கேட்டதை வகுப்பில் சொல்லிக்காட்டவே கூடாது. ஆனால் யாராவது அவனுக்குத் தீங்கு செய்கிறார்கள் என்றால் மறைக்க மாட்டேன் என்பதையும் முன்னாடியே சொல்லிவிடுவேன். பாலியல் குற்றம் பற்றித் தெரிய வந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098 வகுப்புக்கு வகுப்பு சுவரில் இருக்கட்டும்.

பரிசில்தான் நிறைய கவனம் வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத வேளையில் அந்தக் குழந்தைகளின் வரையும் ஆர்வம் குறைந்துபோனது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால், பிள்ளை தானாகவே விரும்பிச் செய்வதற்கு நான் விலை வைப்பதில்லை. நேரத்துக்கு வருவது, கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது மாதிரி அவனுக்குக் கடினமானதற்கே பரிசு. அதுவும் அன்றைக்கே. பேனா, சாக்லேட்டைவிட மணி அடிப்பது, பிரேயரில் செய்தி வாசிப்பது, நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகத்தை முதலில் எடுப்பது ஆகியவைதான் எங்கள் பிள்ளைகளை இழுக்கின்றன. "வெரி குட்" போதாது. "அவன் தள்ளியபோதும் நீ கை ஓங்கல, நான் பார்த்தேன்" என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கொடுத்த பரிசை அடுத்த தப்புக்காகப் பிடுங்கக் கூடாது. ஒருவன் தப்புக்காக வகுப்புக்கே விளையாட்டு பீரியடை நிறுத்துவது அவனுக்கு முப்பது எதிரிகளை உண்டாக்கும்.

எல்லாப் பரிசிலும் பெரியது வீட்டுக்குப் போகும் போன். பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே பெற்றோர் நடுங்குகிறார்கள். "என்ன சார் பண்ணித் தொலைச்சான்?" என்றார் ஒரு தாய், கட்டட வேலைக்கு நடுவில். "கீழே விழுந்த சின்னப் பையனைத் தூக்கிட்டுப் போய் மருந்து போட வச்சாம்மா, அதைச் சொல்லத்தான்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் அதை அவர் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது. நல்லதைச் சொல்ல ஏற்கெனவே அழைத்திருந்தால், பிறகு ஒருநாள் சிக்கலைச் சொல்ல அழைக்கும்போதும் அந்த வீடு நம்மோடு நிற்கிறது.

நடத்தை நிலைத்த பிறகு பரிசைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். தினமும் என்பதை வாரம் ஒருமுறை ஆக்கி, அதை அவனிடமே சொல்லிவிட்டு, மெல்லக் குறையுங்கள். காலையில் கேட்டருகே பேர் சொல்லி "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பதை மட்டும் குறைக்க வேண்டாம்.