பவர் ஸ்டியரிங்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய காரின் ஸ்டியரிங் கைக்கு ஒத்துவரவில்லை என்றால், பழி முதலில் பவர் ஸ்டியரிங் மேல்தான் விழுகிறது. ரோடு கைக்குத் தெரியவில்லை, வளைவில் திருப்பிய வீல் தானாக நேருக்கு வருவதில்லை, நேர் ரோட்டில் வண்டி அலைகிறது என்பவை வழக்கமான புகார்கள். இவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் பம்பில் இருப்பதில்லை. முன்சக்கரத்தின் மூட்டுகளிலும், அது சாய்ந்து நிற்கும் கோணத்திலும் இருக்கிறது.

தேனி மாவட்டத்தில் இந்தக் குறைகள் ஒளிந்திருக்க வழியில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். கம்பத்துக்குத் தென்மேற்கே லோயர் கேம்ப் தாண்டினால் குமுளி மலைப்பாதை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பும், வீட்டு முற்றத்தில் இன்னும் பேணப்படும் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இந்த ஏற்றத்தில்தான் தங்கள் நிலையைக் காட்டுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை பவர் ஸ்டியரிங் இல்லாமல் வந்தவை. அம்பாசடருக்கு அது பிற்கால வகைகளில்தான் கிடைத்தது. மற்றவற்றில் இருப்பது பெரும்பாலும் பின்னால் பட்டறையில் பொருத்தியது.

"பவர் ஸ்டியரிங் போட்டால் ரோடு கைக்குத் தெரியாது" என்பது பாதி உண்மை. ஆயிலால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கில் ஸ்டியரிங் தண்டுக்கும் கியருக்கும் நடுவே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. வீலைத் திருப்பும்போது அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் வால்வு திறந்து, ஆயில் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து சக்கரத்தைத் தள்ளுகிறது. கம்பி தடிமனாக இருந்தால் கை சற்று உழைத்த பிறகே உதவி வரும். சக்கரத்தின் எதிர்ப்பு கைக்குத் தெரியும். மெல்லியதாக இருந்தால் விரல் பட்டதும் உதவி வந்துவிடும். எதிர்ப்பு தெரியாமல் போகும். 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில் தொடங்கிய அமெரிக்க பவர் ஸ்டியரிங்குகள் இலேசாகத் திரும்புவதையே பெருமையாகக் கொண்டவை. இந்த நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கிறது. 1970இல் வந்த சிட்ரோயன் எஸ்எம் காரோ வேகம் கூடக்கூட ஸ்டியரிங்கைக் கனமாக்கியது. அதுவும் ஆயிலில் இயங்கியதுதான்.

அதிகக் கெடுதல் செய்யும் நம்பிக்கை அடுத்தது: "ஸ்டியரிங் ஆடினால் பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்க்ரூவை முடுக்கு." பத்மினியிலும் ஜீப்பிலும் இருப்பது பாக்ஸ் வகை. அதன் பற்கள் வீல் நேராக இருக்கும்போது இறுக்கமாகவும், ஓரங்களில் தளர்வாகவும் பொருந்தும்படி செய்யப்பட்டவை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தேய்வதும் நடுப்பகுதிதான். நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க ஸ்க்ரூவை முடுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் இறுகிப் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவு முடிந்து வெளியே வரும்போது வீல் நேருக்கு வராமல் அப்படியே நிற்கும். மலைப்பாதையில் இது ஆபத்து.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். வண்டி தரையில் நிற்கும்போது ஒருவர் வீலைக் கொஞ்சம் கொஞ்சமாக இருபுறமும் அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு டைராடு எண்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே கையில் 'டக்' என்று தட்டும். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால், பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் அல்லது பால் ஜாயின்ட். கிரீஸ் காணாத கிங்பின் இதற்கு நேர்மாறு: ஆடாது, இறுகியிருக்கும். ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று பம்பு மாற்றப்படும் வண்டிகளில், கிரீஸ் கன்னை ஒருமுறை வைத்திருந்தாலே போதும் என்றிருந்தவை உண்டு.

"அலைன்மென்ட் பார்த்தாச்சு, இனி எல்லாம் சரி" என்பதும் முழு உண்மை இல்லை. அலைன்மென்ட் என்ற பெயரில் பல இடங்களில் பார்ப்பது சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு மட்டுமே. வீல் தானாக நேருக்கு வருவதைப் பெரிதும் தீர்மானிப்பது காஸ்டர், அதாவது கிங்பின் மேல்நுனி பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே கணக்குதான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி கைக்குக் கனக்கக் கூடாதென்று காஸ்டரைக் குறைவாக வைப்பதுண்டு. அப்படிப்பட்ட வண்டியில் பவர் ஸ்டியரிங்கை மட்டும் பொருத்தினால், எடை போய்விடும், திரும்பி வரும் குணமும் வராது. காஸ்டரைக் கூட்டினால்தான் உயிர் வரும். ஜீப்பில் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் செய்யலாம். முன்பட்டையின் ஷாக்கிள் முன்பக்கம் அமைந்த ஜீப்பை உயர்த்த நீளமான ஷாக்கிள் போட்டால், காஸ்டர் குறைந்து வண்டி அலையத் தொடங்கும். பின் ஆக்சிலுக்குப் பின்னால் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்தாலும் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகும். இதில் பவர் ஸ்டியரிங்குக்குப் பங்கில்லை.

இவை எல்லாம் சரியான பிறகும் ஸ்டியரிங் அளவுக்கு மீறி இலேசாக இருந்தால் பம்பைப் பார்க்கலாம். "பிரஷரைக் குறைத்தால் போதும்" என்பார்கள். ரிலீஃப் வால்வு தீர்மானிப்பது உச்ச அழுத்தத்தை மட்டுமே. அதைக் குறைத்தால் நிறுத்துமிடத்தில் கை வலிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. மாற்ற வேண்டியது ஆயில் பாயும் அளவு. வால்வு ஒரே அளவு திறந்திருக்கும்போது, அழுத்தம் பாய்ச்சலின் வர்க்கத்தைப் பொறுத்தது: பாய்ச்சல் 10 சதவீதம் குறைந்தால் அழுத்தம் 19 சதவீதம் குறையும். ஆகவே சிறு மாற்றமே போதும். மிதமிஞ்சிக் குறைத்தால், வீலைச் சட்டென்று ஒடிக்கும் நேரத்தில் உதவி பின்தங்கிவிடும்.

ஆயில் விஷயத்தில் "எதை ஊற்றினாலும் ஓடும்" என்ற எண்ணம் கூடாது. பிரேக் ஆயிலை ஊற்றினால் பவர் ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுப்போகும். முனகல் சத்தமும் நுரையும் இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவைத்து, வீலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் பலமுறை திருப்பி, ஆயிலை நிரப்பிக்கொண்டே வந்தால் காற்று வெளியேறும். கொண்டை ஊசியில் வீலை முழுக்க ஒடித்து அப்படியே பிடித்திருப்பதும் ஆயிலைச் சூடேற்றும். சில விநாடிகளுக்கு மேல் பிடிக்கக் கூடாது.

கடைசியாக, "இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தினால் டீசல் மிச்சம்." பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்து ஜீப்போடு வந்த பழக்கம் இது. இன்ஜின் நின்றால் பம்பு நிற்கும். அப்போது ஆயிலையும் சேர்த்துக் கைதான் தள்ள வேண்டும். பவர் ஸ்டியரிங் கியர் குறைந்த சுற்றில் திரும்பும்படி அமைந்திருந்தால், சாதாரண ஸ்டியரிங்கைவிடவும் கனக்கும். பிரேக் பூஸ்டருக்கான வேக்குவமும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு நியூட்ரலில் இறங்கினால் ஸ்டியரிங் வேலை செய்யும், ஆனால் இன்ஜின் பிரேக் இல்லாமல் பாரம் முழுவதும் பிரேக்கில் இறங்கி அது சூடாகும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும் வண்டி, ஏறும்போது எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்க வேண்டும்.