கொட்டாத இடத்தைப் பார்

அன்பு யாழினி,

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் உங்களுக்கு ஏரிக்கரைப் புதர் வெட்டும் வேலை என்று உன் அம்மா சொன்னாள். கரையில் பனை நின்றால் அண்ணாந்து பார்த்துவிட்டு அரிவாளை எடுங்கள். மட்டையிடுக்கில் கதண்டுக் கூடு இருந்தால் கல்லெறிய வேண்டாம், புகை போட வேண்டாம். அதை அழிப்பது தீயணைப்புக்காரர்கள் வேலை.

அதையும் மீறிக் கொட்டிவிட்டால் முதலில் அங்கிருந்து விலகி ஓடுங்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். கூடவே பிய்ந்து வந்த நஞ்சுப்பை சுருங்கிச் சுருங்கி நஞ்சை ஏற்றிக்கொண்டிருக்கும். சுரண்டுவதா கிள்ளுவதா என்று யோசிக்காமல் சட்டென்று எடு. குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப்போவதில்லை, ஒன்றே பல தடவை கொட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வை. யாராவது சுண்ணாம்போடு ஓடிவருவார்கள், அக்கறையோடுதான். வேண்டாம் என்று சொல். உள்ளே போன நஞ்சை அது ஒன்றும் செய்யாது, தோல்தான் வெந்துபோகும்.

கொட்டிய கை மறுநாள் இன்னும் வீங்கும், சில சமயம் முழங்கை வரை. ஒரு வாரத்தில் வடிந்துவிடும். வாய்க்குள் கொட்டியிருந்தாலொழிய அதற்கு நான் அவ்வளவாகப் பயப்படமாட்டேன்.

நீ கவனிக்க வேண்டியது கொட்டாத இடங்களை. காலில்தான் கொட்டியது, ஆனால் வயிறு முதுகெல்லாம் தடிப்பு எழும்புகிறதா? உதடு, நாக்கு வீங்குகிறதா? குரல் கம்மி, மூச்சு இழுக்கிறதா? வாந்தி, கண் இருட்டல்? பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கிவிடும். ஒரு மணி நேரம்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். கொட்டு வாங்கியவளைத் தனியாகப் படுக்க அனுப்பாதே. பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடு. குரல் மாறினால் உனக்குத்தான் முதலில் தெரியும்.

மூச்சுத் திணறல், குரல் மாற்றம், மயக்கம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 108. படுக்கவைத்துக் காலை உயர்த்து. மூச்சு முட்டினால் உட்காரட்டும், வாந்தி வந்தால் ஒருக்களிக்கட்டும். எழுந்து நடக்க மட்டும் விடாதே, ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரம் அது. பையில் இருக்கும் அவில் மாத்திரை அரிப்பை அடக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. தெளிந்த பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள், திரும்ப வரக்கூடும் என்பதால்.

“போன வருஷமும் கொட்டிச்சு, ஒண்ணும் ஆகல” என்று ஒருத்தி வீரம் பேசுவாள். அதை நம்பாதே. பிரான்ஸில் சார்ல்ஸ் ரிஷே என்ற விஞ்ஞானி கடற்சாமந்தி நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மறுபடி கொடுத்தபோது அரை மணி நேரத்துக்குள் செத்தது. 1902-ல் வெளியிட்ட அந்த ஆராய்ச்சிக்காக 1913-ல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். முதல் கொட்டில் உடம்பு நஞ்சை அடையாளம் வைத்துக்கொள்ளும். பகை தீர்ப்பது அடுத்த கொட்டில்தான்.

ஒரே ஆளைப் பல கதண்டுகள் கொட்டியிருந்தால், இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. நஞ்சு தசையையும் ரத்த அணுவையும் சிதைத்து, ஓரிரு நாள் கழித்தும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீர் குறைந்தாலோ கடுங்காப்பி நிறத்தில் போனாலோ கூச்சப்படாமல் உடனே சொல்லச் சொல்.

அன்புடன்,
மாமா