இருளில் தயங்கும் எண்கள்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் ‘நிக்சி’ என்னும் எண்காட்டிக் குழாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கண்ணாடிக் குழாய்க்குள் 0 முதல் 9 வரையிலான எண்களின் வடிவில் மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அவற்றைச் சுற்றி நியான் வாயு இருக்கும். ஏறத்தாழ 170 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் நமக்கு வேண்டிய எண் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும்.

வெளிச்சத்தில் உடனே ஒளிரும் இக்குழாய், கும்மிருட்டில் சில வேளைகளில் தாமதிக்கும். குழாய் கெட்டுவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். உண்மையில் பழுது ஏதுமில்லை. வாயுவில் மின்சாரம் பாய்வதற்கு முதலில் ஓர் எலக்ட்ரானாவது தனித்து உலவ வேண்டும். அது விரைந்து சென்று வாயு அணுக்களை மோதும்; மேலும் பல எலக்ட்ரான்கள் விடுபடும். அந்த முதல் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து பெயர்த்துத் தருவது பெரும்பாலும் வெளிச்சமே. இருட்டிலோ, விண்ணிலிருந்து வரும் கதிர் ஏதேனும் தற்செயலாக வாயுவைத் தாக்கும்வரை குழாய் காத்திருக்க நேரிடும்.

நியான் குழாய்த் தயாரிப்பாளர்கள் சிலர் இதற்காகக் கிரிப்டான்-85 என்னும் கதிரியக்க வாயுவைச் சிறிதளவு கலந்தனர். நல்ல தீர்வுதான், ஆனால், அது ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். பழைய குழாய்களில் இன்று அதன் பயன் மிகக் குறைவு. எனவே, சேகரிப்பாளர்கள் குழாயின் அருகே சிறிய நீல எல்.இ.டி. விளக்கைப் பொருத்துகின்றனர். சிவப்பு ஒளியைவிட நீல ஒளியின் துகள்களுக்கு ஆற்றல் மிகுதி. அவ்விளக்கு குழாய்க்குள் மங்கலாகப் பட்டாலே போதும். அறை இருட்டாகவே இருக்கலாம்.