செம்படையும் இந்திய முஹாஜிர்களும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் செங்கொடியை அறியாத சிற்றூர் அரிது. உழவர் இயக்கத் தலைவர் பி. சீனிவாசராவின் நினைவிடமும் இவ்வூரிலேயே உள்ளது. எனினும், அக்கொடியை ஏந்திய முதல் அரசின் படைக்கும் இந்திய முஸ்லிம் இளைஞர்க்கும் இருந்த தொடர்பை நம்மவருள் பலர் அறியார். அத்தொடர்பினை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

செம்படையின் தோற்றம்

1917ஆம் ஆண்டுப் புரட்சியின்போது ஜார் மன்னரின் பழைய படை சிதைந்து போயிருந்தது. 1918 ஜனவரியில் வெளியான ஆணைப்படி 'தொழிலாளர் உழவர் செம்படை' நிறுவப்பெற்றது. முதலில் தொண்டர்களே சேர்க்கப்பட்டனர். உள்நாட்டுப் போர் மூளவே, அவ்வாண்டிலேயே கட்டாயப் படைச்சேவை கொணரப்பட்டது. போர்த்துறை ஆணையர் டிராட்ஸ்கி, பழைய படையின் அதிகாரிகளையே பணியிலமர்த்தி, அவர்களைக் கண்காணிக்க அரசியல் ஆணையர்களையும் நியமித்தார். போர்த்திறன் ஒருவரிடமும் கொள்கைப் பற்று மற்றொருவரிடமும் அமைந்த இவ்விரட்டை ஏற்பாடு செம்படையின் தனித்தன்மையாகும். 1920 செப்டம்பரில் ஃபுரூன்ஸே தலைமையில் அப்படை புகாராவைக் கைப்பற்றியது.

ஹிஜ்ரத் பயணம்

அதே 1920இல், கிலாஃபத் எழுச்சியின் விளைவாக முஸ்லிம்கள் பல்லாயிரவர் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வாழ மனமின்றி ஆப்கானிஸ்தானுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டனர். அவர்களுள் இளைஞர் சிலர், துருக்கி சென்று போரிடும் நோக்குடன் ஆமூ ஆற்றின் வழியே பயணமாயினர். இடையில் துர்க்மேனியரிடம் சிறைப்பட்டு அல்லலுற்றனர். மீண்டபின், கெர்க்கிக் கோட்டையைச் செம்படையோடு சேர்ந்து காத்தனர். அவர்களுள் ஒருவரான ஷௌகத் உஸ்மானி இவ்வரலாற்றைப் பின்னர் எழுத்தில் வடித்துள்ளார்.

தாஷ்கண்டுப் படைப்பள்ளி

1920 அக்டோபர் 17இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைக்கப்பெற்றது. முஹாஜிர்களுள் ஒருவரான முகம்மது ஷஃபீக் அதன் செயலாளரானார். சென்னையில் பிறந்து, பாரதியாரின் 'இந்தியா' இதழ்ப் பணியில் துணைநின்ற எம்.பி.டி. ஆச்சாரியாவும் அதில் முன்னணியில் இருந்தார் என்பது தமிழர்க்குரிய செய்தியாகும். எம்.என். ராய் அந்நகரில் நிறுவிய இந்தியப் படைப்பள்ளியில் முஹாஜிர்கள் போர்ப்பயிற்சி பெற்றனர். இந்தியாவை விடுவிக்கும் படையொன்றை உருவாக்குவதே அதன் நோக்கம்.

பள்ளி மூடப்பட்டமை

1921 மார்ச் 16இல் சோவியத் அரசு பிரிட்டனுடன் வணிக உடன்படிக்கை செய்துகொண்டது. ஆசிய மக்களை ஆங்கிலேயர்க்கு எதிராகத் தூண்டுவதில்லை என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அவ்வாண்டிலேயே பள்ளி மூடப்பட்டது. மாணவர் பலர் மாஸ்கோவிலுள்ள கீழைநாட்டு உழைப்பாளர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டனர். தாயகம் திரும்பியோர் பெஷாவர்ச் சதி வழக்குகளில் சிறைத்தண்டனை பெற்றனர்.

போராலும் பஞ்சத்தாலும் நலிந்த நாட்டிற்கு வணிகம் இன்றியமையாதது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், புரட்சிக்கெனப் பிறந்த படையும் ஓர் அரசின் படையான பின்னர் முதலில் அவ்வரசின் நலனையே காக்கும் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்துகின்றது.

முடிவுரை

1943இல் தஞ்சைத் தரணிக்கு வந்த சீனிவாசராவ் எந்நாட்டுப் படையையும் எதிர்பார்க்கவில்லை. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் ஆளாகியிருந்த பண்ணையாட்களையே சங்கமாகத் திரட்டினார். அம்மக்களின் போராட்டங்களின் பயனாக 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிறர் படையை நம்பிச் சென்ற முஹாஜிர்களின் ஈகம் போற்றுதற்குரியது. தம்மையே நம்பி நின்ற உழவரின் வெற்றியோ பின்பற்றுதற்குரியது. இவ்விரண்டையும் ஒருங்கே கற்பது மாணவர் கடனாகும்.