தமிழில் பங்க் ராக் உண்டா?

கேள்வி: ரமோன்ஸ், கிளாஷ் என்று பங்க் ராக்கில் மூழ்கிக் கிடக்கிறேன். அதே சூட்டோடு தமிழில் என்ன கேட்கலாம்? கோவையில் இருந்துகொண்டு நேரில் பார்க்க வழி உண்டா?
– கல்லூரி மாணவர், பீளமேடு

பதில்: 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கேளுங்கள். இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017-இல் உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்திருப்பதால் 'இது பங்க் இல்லையே' என்று நண்பர்கள் வாதாடலாம். விடுங்கள். ரமோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தில் (1976) 14 பாட்டுகளை அரை மணி நேரத்துக்குள் பாடி முடித்தார்கள். சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருவதுதான் பங்க்கின் உயிர். அந்த உயிர் இங்கே இருக்கிறது. முதலில் 'கோட்டா' பாட்டைப் போடுங்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி நாம் தணிந்த குரலில் பேசுவதை இவர்கள் கூட்டமாக நின்று உரக்கப் பாடுகிறார்கள். அடுத்து இதே குழுவில் பாடிய இசைவாணியின் குரல். ஆண்களே ஆண்ட கானா மேடையில் பாடி நிமிர்ந்தவர். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

நேரில் பார்க்க 'மார்கழியில் மக்களிசை' விழா நல்ல வாய்ப்பு. 2021-இல் கோவைக்கும் வந்தது. டிசம்பர் நெருங்கும்போது அதை நடத்தும் நீலம் பண்பாட்டு மையத்தின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். சென்னையில் என்றாலும் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரல். நிகழ்ச்சியில் ஸ்பீக்கரை ஒட்டி நிற்காதீர்கள். சவுண்ட் மிக்சர் வைத்திருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றால் பறை தனியாக, கிட்டார் தனியாகக் காதில் விழும்.

அதுவரை நம்மூர்த் திருவிழாக்களில் துடும்பு மேளங்கள் முழங்கும் துடும்பாட்டம் நடந்தால் தவறவிடாதீர்கள். நெஞ்சுக்கூடே அதிரும்!