சுருங்காத கண்ணி முடிச்சு

கயிறு புழங்காத விவசாயக் குடும்பம் இல்லை. கன்றைக் கட்டவும், கிணற்றில் வாளியை இறக்கவும், பாரத்தை ஏற்றிக் கட்டவும் நாள்தோறும் அது தேவைப்படுகிறது. ஆயினும் கயிற்றின் நுனியில் ஒரு கண்ணி வேண்டும்போது பலர் சுருக்கு முடிச்சையே போடுகின்றனர். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு, விறகுக் கட்டுக்கு ஏற்றது. உயிருள்ள கழுத்துக்கோ அதுவே எமனாகும். கன்று மிரண்டு ஓடினாலும், மேட்டில் கட்டிய ஆடு சரிவில் சறுக்கினாலும், சுருக்கு கழுத்தை நெரித்துவிடும். ஆகவே, எவ்வளவு இழுத்தாலும் அளவு மாறாத கண்ணி ஒன்றை அனைவரும் அறிந்திருத்தல் நலம். கடலோடிகள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டு வரும் முடிச்சு இதற்கு மிகவும் உகந்தது.

செய்முறை வருமாறு:

1. கயிற்றின் நீண்ட பகுதியை இடக் கையிலும் நுனியை வலக் கையிலும் பிடித்துக் கொள்க. கண்ணிக்கு வேண்டிய அளவுடன் மேலும் இரு சாண் நீளம் நுனிப் பக்கம் இருக்கட்டும்.

2. அவ்விடத்தில் சிறு வளையம் ஒன்று அமைக்க. நுனிப் பக்கத்துக் கயிறு, நீண்ட பகுதியின் மேலாகச் செல்லவேண்டும். கழுத்தில் கட்டுவதாயின், நுனியை இப்பொழுதே கழுத்தைச் சுற்றிக் கொண்டு வருக.

3. நுனியை வளையத்தின் அடியிலிருந்து மேலே நுழைத்து, நீண்ட பகுதியின் பின்புறமாகச் சுற்றி, அதே வளையத்தினுள் மேலிருந்து கீழே இறக்குக.

4. நுனியையும் கண்ணியின் அருகிலுள்ள புறத்தையும் ஒரு கையால் சேர்த்துப் பற்றி, நீண்ட பகுதியை மறு கையால் இழுத்து இறுக்குக.

பின்னர்க் கண்ணியைப் பலமாக இழுத்துப் பார்க்கவும். அது சிறுத்தால் முடிச்சுத் தவறு. அவிழ்த்து மீண்டும் கட்டுக.

இம்முடிச்சுக்கும் குறைகள் உண்டு. இழுவை இல்லாதபோது ஆட ஆட, அது தளர்ந்துவிடக் கூடும். வழுக்கும் நைலான் கயிற்றில் இவ்வாறு நேர்வது மிகுதி. எனவே எஞ்சிய நுனியைக் கண்ணியின் புறத்தில் சுற்றி, இன்னொரு முடிச்சும் இடவேண்டும். கயிறு இழுவையில் இருக்கையில் இதனை அவிழ்க்க இயலாது. ஆதலின் முளையில் கட்டும் மறு நுனிக்கு, இழுத்தவுடன் அவிழும் உருவு முடிச்சே பொருந்தும். கழுத்துக் கண்ணியில் நான்கு விரல் நுழைய இடம் இருந்தால் போதும். மிகவும் தளர்த்தினால் கால் சிக்கிக்கொள்ளும்.

முடிச்சிட்ட இடத்தில் எக்கயிறும் வலிமை குறையும். ஆகவே மெல்லிய கயிறு ஆட்டுக்கும் கன்றுக்கும் உரியதேயன்றி, கிணற்றில் விழுந்த மனிதரைத் தூக்குவதற்கு உரியதன்று. அதற்குத் தடித்த, இற்றுப்போகாத வடமே வேண்டும். கண்ணியும் அக்குளின் கீழ் மார்பைச் சுற்றி அமையவேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அத்தகைய வடம் ஒன்றைப் பொது இடத்தில் வைத்திருக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். ஊர் இளைஞர்கள் பகலில் மட்டுமன்றி, கண்ணை மூடிக்கொண்டும் இம்முடிச்சை இடப் பழகட்டும். ஆபத்து பெரும்பாலும் இருளிலும் அவசரத்திலுமே வருகிறது. அப்போது கை பழகியதே உதவும்.